கேட்டால் எழும்புவது

பீடிக் கம்பெனிக் கணக்கறையில்
ஒன்பது வருசம் உழைத்துக் கழிந்த மடிக்கணினி.
கவிழ்த்துத் தட்டினால்
விசைகளுக்கிடையிலிருந்து புகையிலைத் தூள் கொட்டும்.
"படம் பாக்கக்கூட ஆகாது மீராள்" என்று
எழுநூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டார் மேனேஜர்.

பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்தவள்
பேட்டையில் என்னோடு டிப்ளமா படித்த ஜெபக்கனி.
"ஏளா, காசு கிடையாது, கள்ளச்சாவி கிடையாது,
பூட்டே கிடையாது பாத்துக்கோ."
பூட்டில்லாத வீட்டை
மேலப்பாளையத்தில் நான் கண்டதில்லை.

முதல் வாரம் திரையின் நிறத்தை மாற்றினேன்.
அடுத்த வாரம் அதையே திரும்ப மாற்றினேன்.
பிறகுதான் கேட்கத் தோன்றியது:
இதில் லினக்ஸ் எங்கே இருக்கிறது?

இந்த சன்னல்களா? இல்லையாம்.
அந்தக் கறுப்புத் திரை?
அதுவும் மேலே ஓடுகிற ஒரு நிரல்தானாம்.
உரித்துக்கொண்டே போனதில்
ஒரு மூலையில் ஒற்றைக் கோப்பு, பதினோரு எம்பி.
எதிர்வீட்டு நிக்காஹ் வீடியோவில்
மாப்பிள்ளை காரைவிட்டு இறங்குவதே இதைவிடப் பெரிசு.

கர்னல் ஒரு மேனேஜர் என்றது ஒரு பாடம்.
மேனேஜர்களை எனக்குத் தெரியும். நம்பவில்லை.
போக்குவரத்துப் போலீஸ் என்றது இன்னொன்று.
வண்ணார்பேட்டையில் வண்டி ஓட்டுகிற யாரும்
அதை நம்ப மாட்டார்கள்.

சரி, நானே கட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன்.
ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்டது.
இந்தச் சில்லு உண்டா, அந்தச் சாதனம் உண்டா,
ஆம், இல்லை, தேவைப்படும்போது மட்டும்.
தெரியாததற்கெல்லாம் இல்லை என்றேன்.
இரவு முழுக்க மூலநிரல் ஓடி இறங்கியது.
விசிறி கக்கிய சூட்டில்
அறையெல்லாம் பழைய புகையிலை மணம்.
"வீட்டுல யாரு பீடி குடிக்கா?" என்று
சுபுஹுக்கு எழுந்த வாப்பா கேட்டார்.

விடிந்ததும் ஒரே வரியில் நின்றுவிட்டது:
பீதி. வேரைக் காணவில்லை.
வட்டைப் படிக்கிற பாஷைக்கும்
இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.
நல்லவேளை, பழைய கர்னல்
பட்டியலில் இரண்டாவதாக,
கோபமில்லாமல் இருந்தது.

அன்றைக்கு வேலைக்குப் போகையில்
குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.
எனக்கு முன்னால் ஒரு மினிபஸ், ஒரு தண்ணீர் லாரி.
ஹாரன் அடித்தால் கேட் திறக்காது என்று தெரிந்தும்
எல்லோரும் அடித்தார்கள்.
அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒன்று புரிந்தது.

உள்ளே யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை.
ஒரு நிரலுக்கு வட்டிலிருந்து ஓர் எழுத்து வேண்டும்.
தானே தொட முடியாது. கேட்கிறது.
கேட்ட அந்தக் கணத்தில்
அதை ஓட்டிக்கொண்டிருந்த அதே செயலிதான்
எல்லை தாண்டி உள்ளே போகிறது,
எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறது.
கேட்டால் எழும்பும். கேட்காவிட்டால்
கடிகாரமோ ஒரு விசையழுத்தமோ தட்டி எழுப்பும்:
ஒருத்தனே எவ்வளவு நேரம் ஓடுவான்,
அடுத்தவனை விடு.

கேட்டும் சரியான உவமை இல்லைதான்.
இங்கே ரயில் வருவது கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த வாரம் மூலநிரலைத் திறந்து
முடிந்தவரை வாசித்தேன். பாதி விளங்கவில்லை.
ஒரு வரிக்கு மேலே யாரோ எழுதிவைத்த குறிப்பு:
இது ஏன் தேவை என்று எனக்குத் தெரியவில்லை.
எடுத்தால் சில இயந்திரங்கள் உறைகின்றன. எடுக்காதீர்கள்.
எந்த ஊர்க்காரரோ.
அந்த ஒரு குறிப்பை மூன்று தடவை படித்தேன்.

இரண்டாம் முறை கட்டியது எழும்பிவிட்டது.
பதிப்பு எண்ணின் வாலில் என் பெயரைச் சேர்த்திருந்தேன்.
ஜெபக்கனி பார்த்துவிட்டு,
"என்னளா மாறிருக்கு?" என்றாள்.
அதே திரை, அதே மந்தம்.
ஒன்றும் மாறவில்லை என்றேன்.

பிறகு பாட்டுப் போட்டோம். சத்தம் வரவில்லை.
ஆயிரம் கேள்வியில் எதற்கோ
இன்னும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.